தராசும் கண்ணும்

“பேசுறது சுலபம். நீ ஒரு படம் எடுத்துக் காட்டு, பாப்போம்.” சினிமாவைப் பற்றி நாலு வரி எழுதுகிற யாரும் இதைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. நம்மிடமும் தயாராக ஒரு பதில் உண்டு: சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொல்ல ஒருவர் சமையல்காரராக இருக்க வேண்டியதில்லை. பதில் சரிதான். ஆனால் குறை சொன்னவரே ஒருநாள் கரண்டியைக் கையில் எடுத்தால்? அதுவரை அவர் சொன்ன தீர்ப்புகளுக்கு என்ன மதிப்பு? அவருக்குள் உட்கார்ந்திருக்கும் நீதிபதி அவரைச் சமைக்க விடுவாரா?

இந்த இடத்தில் எல்லாரும் த்ரூஃபோவைக் கூப்பிடுவார்கள். 1954இல் பிரெஞ்சு சினிமாவைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரை எழுதியவர், 1959இல் தன் முதல் முழுநீளப் படத்துக்கே கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். “பாத்தியா, செஞ்சு காட்டிட்டாரு!” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1954இல் எழுதியது உண்மையாக இருந்தால் அது அன்றே உண்மை. தவறாக இருந்தால் 1959இன் விருது அதைச் சரியாக்கிவிடாது. செய்து காட்டுவது ஒரு சாதனை. அதையே வாதத்துக்கான சாட்சியாக்கிவிட முடியாது.

எனக்கு இந்த விஷயத்தில் நினைவுக்கு வருபவர் ஜேம்ஸ் ஏஜி. 1909இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகரத்தில் பிறந்தவர். 1940களில் ‘டைம்’ இதழிலும் ‘தி நேஷன்’ இதழிலும் ஒரே சமயத்தில் திரை விமர்சனம் எழுதினார். ‘டைம்’ விமர்சனங்களில் எழுதியவர் பெயர் இருக்காது. ‘நேஷன்’ பத்தியில்தான் ஏஜி ஏஜியாகப் பேசினார். சினிமாவில் பெரிய நாட்டமில்லாத கவிஞர் ஆடன்கூட அந்தப் பத்தியைப் பாராட்டி 1944இல் இதழுக்குக் கடிதம் எழுதினார்.

1942இல் வந்த முதல் பத்தியிலேயே ஏஜி ஒன்றைப் போட்டு உடைத்தார். சிறு வயதிலிருந்து படம் பார்த்திருக்கிறேன், யோசித்திருக்கிறேன், பேசியிருக்கிறேன். ஆனால் படம் எப்படி எடுக்கிறார்கள் என்பது பற்றி எனக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது, வாசகரான உங்கள் நிலைதான் என் நிலையும் என்கிற பொருளில் எழுதினார். இதைத் தன்னடக்கம் என்று கடந்துபோய்விடலாம். எனக்கு அது விமர்சனத்தின் எல்லையைச் சரியாக வரைந்ததாகப் படுகிறது. திரையில் ஒரு காட்சி பொய்யாக இருந்தால் பார்க்கிறவருக்குத் தெரியும். அந்தப் பொய் யாருடையது, எழுத்தாளரா, இயக்குநரா, தயாரிப்பாளரா என்பது தெரியாது.

அது தெரியவந்தபோது ஏஜி மறுபக்கத்தில் நின்றார். ஜான் ஹூஸ்டனுடன் சேர்ந்து ‘தி ஆஃப்ரிக்கன் குயின்’ (1951) படத்துக்குத் திரைக்கதை எழுதினார். அந்த வேலைக்கு நடுவிலேயே மாரடைப்பு. படக்குழு ஆப்பிரிக்கா போனது, ஏஜி போகவில்லை. முடிவுக் காட்சி வேறு கைகளில் எழுதப்பட்டது. திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையில் அவர் பெயரும் ஹூஸ்டன் பெயரும் இருந்தன. ஒரு விமர்சகர் அந்தப் படத்தைப் பார்த்து “முடிவு சரியில்லை, ஏஜி சொதப்பிட்டாரு” என்று எழுதியிருந்தால்? பழைய ஏஜியும் அப்படி எழுதியிருக்கக் கூடியவர்தான்.

இன்னொரு சங்கடமான கேள்வியும் இருக்கிறது. ஹூஸ்டனை விமர்சகராக இருந்தபோது உச்சிமீது வைத்துப் புகழ்ந்தவர் ஏஜி. 1950இல் ‘லைஃப்’ இதழில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரையும் எழுதினார். பிறகு அவரிடமே வேலை. அப்போ அந்தப் புகழ்ச்சியெல்லாம் வேலைக்கான விண்ணப்பமா? நான் அப்படி நினைக்கவில்லை. உண்மையாக நேசித்த கலைஞனோடு வேலை செய்ய ஆசைப்படுவது குற்றமில்லை. வேலை செய்துகொண்டே, தள்ளி நிற்கிறவரைப் போலப் பாவித்து மதிப்பெண் போடுவதுதான் குற்றம். ஏஜி 1948இலேயே பத்தி எழுதுவதை விட்டுவிட்டார், பிறகு அதற்குத் திரும்பவும் இல்லை. நண்பரின் படத்துக்கு நான்கரை நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்த மாதம் அதே நண்பரோடு கதை விவாதத்தில் உட்காரும் நம் காலத்தில், இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சரி, உள்ளே இருக்கும் நீதிபதி? சார்லஸ் லாட்டன் இயக்கிய ஒரே படமான ‘தி நைட் ஆஃப் தி ஹண்டர்’ (1955) ஏஜியின் பெயரில் வந்த திரைக்கதை. அவர் எழுதிய முதல் வரைவு மிக நீளம், படத்துக்காக நிறைய வெட்ட வேண்டியிருந்தது. ஏஜியின் திரைக்கதைகளில் கேமரா எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்பதுவரை எழுதப்பட்டிருக்கும். யாரோ ஒருவர் தவறாக எடுத்துவிடுவாரோ என்ற பதற்றம் அதில் தெரிகிறது. ஆயிரம் படங்களில் பிழை கண்ட கண் அவ்வளவு சீக்கிரம் தூங்குமா?

நாவல் இதைவிடக் கடினம். பத்திக்கு ஒரு கெடு உண்டு. அச்சுக்குப் போகும் நாள் வந்தால் திருப்தி இருக்கோ இல்லையோ கொடுத்தாக வேண்டும். நாவலுக்கு அந்த நாள் வருவதே இல்லை. ஏஜி தன் தந்தையின் மரணத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1916இல், அவருக்கு ஆறு வயதானபோது, தந்தை கார் விபத்தில் இறந்தார். பல ஆண்டுகள் எழுதியும் நாவல் முடியவில்லை. குடி, பணத்தேவை, இதய நோய், வேறு வேலைகள் என்று காரணங்கள் பல. பழியை நீதிபதி மேல் மட்டும் போட முடியாது. 1955 மே மாதம் நியூயார்க்கில் ஒரு டாக்ஸியில் ஏஜி இறந்தார். வயது 45. விட்டுப்போன பக்கங்களைப் பதிப்பாளர்கள் ஒழுங்குபடுத்தி, ‘எ டெத் இன் தி ஃபேமிலி’ 1957இல் வந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு.

அந்த நாவலின் தொடக்கத்தில் ரூஃபஸ் என்ற சிறுவனும் அவன் அப்பாவும் படம் பார்க்கப் போகிறார்கள். திரையில் சாப்ளின். அம்மாவுக்குச் சாப்ளினைப் பிடிக்காது, அப்பாவுக்குப் பிடிக்கும். இருட்டில் அப்பா சிரிக்கிறார், பிள்ளையும் சிரிக்கிறான். அதன்பின் இருவரும் சேர்ந்து படம் பார்க்கப்போவதில்லை. 1947இல் சாப்ளினின் ‘மான்சியர் வெர்டூ’ படத்துக்காக மூன்று வாரப் பத்திகளைச் செலவழித்து வாதாடிய அதே ஏஜிதான் இதை எழுதினார். ஆனால் இங்கே வாதம் கிடையாது. படம் நல்லதா கெட்டதா என்ற பேச்சே இல்லை. படம் பார்க்கிற இரண்டு பேரைப் பார்க்கிற கண் மட்டும் இருக்கிறது.

விமர்சனத்திலிருந்து படைப்புக்கு எதை எடுத்துப்போகலாம் என்பதற்கு எனக்கு இதில் பதில் கிடைக்கிறது. தராசு அங்கே உதவாது, எழுதும்போதே எடைபோட்டால் ஒரு பத்தியும் தேறாது. அத்தனை வருஷம் இருட்டில் உட்கார்ந்து பழகிய கண் உதவும். விமர்சனம் எழுதிக்கொண்டே ரகசியமாக ஒரு நாவலையும் வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களுக்குள் இருக்கும் நீதிபதியை வேலையைவிட்டு அனுப்ப வேண்டாம். முதல் வரைவு முடிகிறவரைக்கும் வெளியே உட்காரச் சொல்லுங்கள். ஆனால் முடிச்சிடுங்க. மிச்சத்தை ஒழுங்குபடுத்த எல்லாருக்கும் ஒரு பதிப்பாளர் கிடைப்பதில்லை.