விற்பவர் அறிந்த பழுது

ஒரு பொருளின் குறையை அறிந்தவர், அதை அறியாதவருக்கு விற்கும்போது, கேட்கப்படாத உண்மையையும் தாமே முன்வந்து சொல்லக் கடமைப்பட்டவரா என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. கி.மு. 44இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில், ஒரு தானிய வணிகரை முன்னிறுத்தி இதை ஆராய்கிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாண்டிரியாவிலிருந்து தானியம் கொண்டுவந்த அவ்வணிகர், தமக்குப் பின்னால் வேறு பல கப்பல்களும் தானியத்தோடு வருவதை அறிவார் என்றால், அதைத் தீவு மக்களிடம் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் உயர்ந்த விலைக்கு விற்கலாமா? ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த பாபிலோன் டயோஜெனீஸ், சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்று வாதிட்டார். மனிதர் அனைவரும் ஒரே சமூகத்தவர் ஆதலால், வாங்குபவர் அறிய வேண்டியதை ஒளிப்பது குற்றமே என்று அவருடைய மாணவர் அந்திபாதர் மறுத்தார். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார். ரோட்ஸ் துறைமுகத்தில் எழுந்த அந்த வினா, பழைய கார் கைமாறும் ஒவ்வோர் ஊரிலும், அவற்றுள் ஒன்றான உடுமலைப்பேட்டையிலும், இன்று மீண்டும் எழுகிறது.

உடுமலை அடங்கிய கொங்கு நாட்டுக்கு இது புதிய வினா அன்று. கார் வருவதற்கு முன் இங்கே ஓர் உழவர் குடும்பம் ஆராய்ந்து வாங்கிய பொருள்களில் விலை மிக்கது மாடு. வெள்ளக்கோவிலை அடுத்த கண்ணபுரத்திலும் அந்தியூரிலும் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைகளுக்குக் காங்கேயம் காளை வாங்கச் செல்வோர், பல்லைப் பிடித்து வயதை அறிவர். உடலில் மயிர் சுழன்று அமைந்த இடமாகிய சுழியைப் பார்த்து நன்மை தீமை கணிப்பர். நடக்கவிட்டுக் காலின் ஊனத்தைத் தேடுவர். நுகத்தில் பூட்டி ஓட்டியும் பார்ப்பர். தரகர் துண்டால் கையை மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்தே விலை பேசுவார். 1920இல் தொழில்முனைவர் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியபோது, உடுமலை வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் மாட்டு வண்டிகளோடு மோட்டார் வண்டியும் இடம்பிடித்தது. வாங்கும் பொருள் மாறினாலும் ஆராயும் முறை பெரிதும் மாறவில்லை. பல்லுக்குப் பதில் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உற்பத்தி வாரமும் ஆண்டும் பார்க்கப்படுகின்றன. நுகத்தில் பூட்டி ஓட்டிப் பார்த்த வழக்கம் டெஸ்ட் டிரைவ் என்னும் பெயர் பெற்றிருக்கிறது.

இந்த ஆராய்ச்சியால் எவ்வளவு அறிய முடியும், எது அறியப்படாமலே நின்றுவிடும் என்பதைத் தெளிவாகக் காண்பதற்குத் தமிழ்ச் சைவ சித்தாந்தம் வகுத்த அளவை இயல் நல்ல கருவியாகும். அளவை என்பது உண்மையை அறிவதற்குரிய வழி. வடமொழியார் இதைப் பிரமாணம் என்பர். மெய்கண்டாரின் மாணவராகிய அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகளைப் பலவாக விரித்துச் சொல்வோரின் கொள்கைகளைக் குறிப்பிட்டு, அவை அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிவு கட்டுகிறது. காண்டல் என்பது பொறிகளால் நேரே அறிவது. கருதல் என்பது கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றை உய்த்துணர்வது. உரை என்பது நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது. இறைவனை அறிவதற்கென வகுத்த நெறியைச் சந்தைப் பொருளுக்குப் பொருத்துவது தகுமா என்ற தயக்கம் சிலருக்கு எழலாம். ஆயினும் தூரத்தில் தெரிவது கட்டையோ மனிதனோ என்ற அன்றாட ஐயத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு தொடங்கும் நெறி, அன்றாட வாழ்வின் ஐயங்களுக்கும் பயன்படும் என்று கொள்வதில் பிழை இல்லை.

டெஸ்ட் டிரைவ் காண்டல் அளவையைச் சேர்ந்தது. இன்ஜின் ஓசை, கிளட்ச் பிடிக்கும் இடம், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது, பிரேக் அழுத்தும்போது எழும் அதிர்வு ஆகியவற்றைக் காதும் காலும் கையும் நேரே அறிகின்றன. ஆனால் காண்டல், எந்தச் சூழலில் நிகழ்கிறதோ அந்தச் சூழலுக்குள் அடங்கியது. பழனிச் சாலையின் சமதளத்தில் பத்து நிமிடம் ஓட்டியவருக்கு, சின்னாறு தாண்டி மறையூருக்கு ஏறும் மலைச்சாலையில் நான்கு பேரோடு அந்த வண்டி எப்படித் திணறும் என்பது தெரியாது. வாங்குபவர் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது மட்டும் வெளிப்படும் கோளாறு மறைந்துவிடும். இன்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்பும் முதியவர்கள், நூலைப் படிக்காமலே காண்டலின் எல்லையை அறிந்தவர்கள். அதற்கும் மேலான ஓர் எல்லை உண்டு. காண்டல் நிகழ்காலத்தை மட்டுமே தொடும். வண்டியின் கடந்த காலம் எந்தப் பொறிக்கும் எட்டாது.

அங்கே கருதல் துணைக்கு வருகிறது. நீலநிறப் புகை கண்டவர் ஆயில் எரிவதை உய்த்துணர்கிறார். கதவின் விளிம்பில் பெயிண்ட் நிறம் சற்றே வேறுபடுவதையும், போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடத்தையும் கண்டவர், அந்தப் பக்கம் அடிபட்டு டிங்கரிங் வேலை நடந்திருப்பதை அறிகிறார். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்ட, கிளட்ச் பெடலின் ரப்பரோ வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், அவ்விரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. மலைமேல் புகை கண்டு தீயை அறியும் பழைய எடுத்துக்காட்டின் வடிவமே இதுவும். எனினும் புகையை அடக்கி வைக்க முடிந்தவரிடம் இந்த அளவை தோற்றுப்போகும். ரப்பரை மாற்றிவிட்டால், பட்டி பார்த்துப் பெயிண்டைச் சீராக அடித்துவிட்டால், மீட்டரைத் திருத்திவிட்டால், அடையாளம் அழிந்து கருதலும் நின்றுவிடுகிறது.

எஞ்சுவது உரை ஒன்றே. யாருடைய உரை என்பதில்தான் இந்த வினாவின் உயிர் இருக்கிறது. நியாய தரிசனத்துக்குப் பேருரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவராகிய ஆப்தர் யார் என்பதை விளக்கும்போது, ஒன்றை நேரே அறிந்தவராகவும், தாம் அறிந்தபடியே பிறருக்கு அறிவிக்கும் விருப்பமுடையவராகவும் இருப்பவரே ஆப்தர் என்று சொல்லி, இந்த இலக்கணம் முனிவருக்கும், சான்றோருக்கும், வேற்று நாட்டாருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்கிறார். இதன்படி நோக்கினால், பழைய காரைப் பொறுத்தவரை உலகில் ஆப்தராகும் தகுதி அதன் உரிமையாளருக்கே முழுமையாக உண்டு. எந்த மழையில் அது நீரில் மூழ்கியது, எந்த இரவில் லாரியின் பின்புறம் மோதியது, எத்தனை முறை இன்ஜின் பிரிக்கப்பட்டது என்பதற்கு அவரே நேர்ச்சாட்சி. பல நேரங்களில் ஒரே சாட்சி. பலர் கண்ட நிகழ்ச்சியில் ஒருவர் வாய் திறக்காவிட்டால் உண்மை வேறு வாயால் வெளிவரும். தனிச்சாட்சி வாய் மூடினால் உண்மைக்கு வேறு வழியே இல்லை. ஆகவே, சொல்லாமை வேறு, மறைத்தல் வேறு என்று டயோஜெனீஸ் வகுத்த வேறுபாடு, தனிச்சாட்சியிடம் செல்லாது. அவருடைய மௌனம், வண்டி நலமாக இருக்கிறது என்ற பொய்யுரையின் வேலையையே செய்கிறது.

சட்டம் இவ்வளவு தூரம் வரவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் மோசடிக்கு இலக்கணம் கூறி, குதிரை விற்பனையை எடுத்துக்காட்டாக வைக்கிறது. நோயுற்றது என்று தெரிந்த குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்று, நோயைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்தால், அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர் விற்பவரின் மகளாக இருந்து, அப்போதுதான் உரிய வயதை அடைந்தவர் என்றால், அந்த உறவு காரணமாகவே சொல்லும் கடமை பிறக்கிறது. மறுக்காவிட்டால் குதிரை நலமானது என்று எடுத்துக்கொள்வேன் என வாங்குபவர் கூற, விற்பவர் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் ஆகிறது. குதிரையின் இடத்தில் காரை வைத்துப் படித்தாலும் இவ்விளக்கங்கள் பொருந்தும். இவற்றுள் ஆழ்ந்து எண்ணத்தக்கது மகளைப் பற்றியது. பங்காளிக்கும் மாமன் மச்சானுக்கும் விற்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்வதும், முன்பின் அறியாதவருக்கு விற்கும்போது 'சிங்கிள் ஓனர் வண்டி' என்பதோடு நிறுத்திக்கொள்வதும் ஊர் வழக்கில் காணப்படுவதே. உறவுக்காரருக்குச் சொல்லத்தக்க உண்மை என்று ஒன்று இருக்குமாயின், அது அயலாருக்கும் சொல்லத்தக்கதே. பிரேக் பிடிக்காத வண்டி உறவு பார்த்து மோதுவதில்லை.

இங்கே அறநூலும் சமயங்களும் சட்டத்தைவிடக் கண்டிப்பானவை. திருக்குறள், நடுவு நிலைமை அதிகாரத்தின் முடிவில், பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணிச் செய்வதே வணிகம் என்று வரையறுக்கிறது. வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்தில், தீமை சிறிதும் பயக்காத சொல்லே வாய்மை என்கிறது. தீமை பயக்கும் மௌனம் அந்த வரையறைக்குள் வர இயலாது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பொய் அளவைகளையும் போலிப் பண்டத்தை நல்ல பண்டமாகக் காட்டுவதையும் கள்ளாமை விரதத்தின் குற்றங்களாக எண்ணுகிறது. அதாவது சமணம் இதைப் பொய்யோடு நிறுத்தாமல் களவிலேயே சேர்க்கிறது. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் பட்டதாகவும், மழையில் நனைந்தது என்று விற்பவர் சொல்ல, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்டதாகவும் 'முஸ்லிம்' என்னும் நபிமொழித் தொகுப்பு குறிக்கிறது. மழை பெய்தது வணிகரின் குற்றம் அன்று. நனைந்ததை அடியில் வைத்தது அவருடைய செயல். அடிபட்ட வண்டிக்கும் இதுவே பொருந்தும், ஏனெனில் விபத்து யாருக்கும் நேரலாம்.

இதற்கு எதிராக நடைமுறை அறிந்தோர் எழுப்பும் தடை வலுவானது: எல்லோரும் மறைக்கும் சந்தையில் ஒருவர் மட்டும் உண்மை சொன்னால், அவருடைய வண்டிக்கே விலை குறையும். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதிய கட்டுரை இந்த நிலையை விளக்குகிறது. நல்ல வண்டியையும் பழுதான வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையையே தர முன்வருகிறார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மறுத்து விலக, சந்தையில் பழுதானவை மிஞ்சுகின்றன. 2001இல் அகர்லாஃப் வேறு இருவரோடு நோபல் பரிசு பெற்றதற்கு இந்த ஆய்வும் அடிப்படை. மறுவிற்பனை மதிப்பு என்று பேசப்படும் தொகைக்குள், இரும்பின் விலையும் பெயிண்டின் விலையும் மட்டுமன்றி, முன்பின் அறியாத ஒருவர் வைக்கும் நம்பிக்கையின் விலையும் அடங்கியிருக்கிறது என்பது இதனால் புலப்படுகிறது. மறைப்பவர் தம் வண்டிக்குக் கூடுதல் விலை பெறுகிறார்; அந்தக் கூடுதலை, உண்மை சொல்லி வண்டி விற்கும் ஊரார் அனைவரும் சிறிது சிறிதாக இழந்து ஈடு செய்கின்றனர்.

மறுவிற்பனையை எண்ணி வாங்குவதில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒரு செருப்பை அணிந்துகொள்வது அதன் உரிய பயன், அதைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவது வேறு பயன் என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். இரண்டு கார்களை ஒப்பிடும் உடுமலைத் தென்னை விவசாயி, தோப்பின் மண்பாதைக்கும் வீட்டு முதியோரின் முழங்காலுக்கும் ஏற்றது எது என்று பாராமல், ஐந்தாண்டு கழித்து யாரோ ஒருவர் விரும்பக்கூடிய மாடலும் வெள்ளை நிறமும் எவை என்று பார்த்து வாங்கினால், தம் தேவையை அயலாரின் விருப்பத்துக்கு அடகு வைத்தவர் ஆகிறார். அதே அயலாரை நினைத்து உரிய காலத்தில் ஆயில் மாற்றி, சர்வீஸ் கணக்கை முறையாக வைத்திருந்தால் அது வேறு. வரப்போகும் உரிமையாளருக்கு இன்றே செய்யும் நேர்மை அது.

நம்பிக்கை சார்ந்த குறைகளைச் சொல்ல வேண்டுமா என்பது கடினமான வினா. உடுமலைப் பகுதியின் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலை ஒட்டி மண்ணால் செய்த மாட்டு உருவங்களை வைத்து வழிபடும் மக்கள், புதிய காருக்கும் பொட்டிட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தே நகர்த்துகின்றனர். ஓர் உயிர் போன விபத்தில் சிக்கிய வண்டி, முழுவதும் சீர்செய்யப்பட்டிருந்தாலும், அத்தகைய ஒருவருக்கு ராசியற்ற வண்டியே. ராசியில் நம்பிக்கை இல்லாத உரிமையாளர், இயந்திரத்தில் பழுது இல்லாதபோது எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். பொருளின் தகுதியை எந்தக் கோலால் அளப்பது என்று முடிவு செய்யும் உரிமை, பணம் கொடுத்து அதோடு வாழப்போகிறவருக்கே உண்டு. ஆதலால் அவர் கேட்டால் மறைக்கக் கூடாது, கேட்பார் என்று தெரிந்தால் கேட்கும் வரை காத்திருக்கவும் கூடாது.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஒன்றுபோலத் தீராத துன்பம் தரும் என்று திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் உரைக்கிறது. விலையைக் குறைப்பதற்காக இல்லாத குறையை இருப்பதாகச் சொல்வதும், சொன்ன உண்மையையே ஆயுதமாக்கி, உண்மை சொன்னவரை இழப்புக்கு உள்ளாக்குவதும், சாட்சியை அச்சுறுத்தி வாய் மூடவைப்பதற்குச் சமம்.

உரிமை மாற்றத்துக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்கப்படும் 29, 30 ஆகிய படிவங்களில் பெயரும் முகவரியும் வண்டி எண்ணும் கேட்கப்படுகின்றன. வண்டி பட்ட அடி கேட்கப்படுவதில்லை. அவற்றில் கையெழுத்திடும் அன்றே, நேர்ந்த விபத்தையும், மாற்றிய பாகங்களையும், இன்னும் சரிசெய்யாத கோளாறையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, சாவியோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை உடுமலையில் கார் விற்போரும், இடையில் நிற்கும் தரகரும், கார் கன்சல்டிங் நடத்துவோரும் தொடங்க வேண்டும்.