சீகையை வெட்டுவது பாவமா?

மரம் நடுகிறவருக்கு மாலை போடுவோம், வெட்டுகிறவரைத் திட்டுவோம். நமக்குப் பழகிப்போன அறம் இது. பெரும்பாலான இடங்களில் சரியாகவும் இருக்கிறது. ஆனால் நீலகிரியின் மேல்மலைக்குப் போனால் இதே அறம் தடுமாறுகிறது. அங்கே காட்டைக் காக்கும் பொறுப்பில் உள்ள வனத்துறையே, காட்டைக் காப்பாற்றுவதற்காக மரங்களை வெட்ட வேண்டும் என்கிறது. உயர் நீதிமன்றமும் அந்நிய மரங்களை அகற்றச் சொல்லியிருக்கிறது.

வெட்டப்பட வேண்டிய மரம் சீகை. தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் வேறு, இது வேறு. இது ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரம். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. விறகுக்கு ஆகும், பட்டை தோல் பதனிட உதவும். சுதந்திரத்துக்குப் பிறகு அரசே இதைத் தோட்டம் தோட்டமாக நட்டது. தோல் ஷாப்புகளுக்குப் பட்டை வேண்டியிருந்தது. சிறுமுகையில் மரக்கூழிலிருந்து ரேயான் செய்த ஆலைக்கு மரம் வேண்டியிருந்தது. நட இடம்? புல்வெளி சும்மாதானே கிடக்கிறது என்றார்கள்.

அந்தச் 'சும்மா'வில்தான் எல்லாத் தவறும் தொடங்கியது. மேல்மலையில் காடு என்பது இரண்டும் சேர்ந்தது: தண்ணீர் ஓடும் மடிப்புகளில் குட்டை மரங்கள் அடர்ந்த சோலை, மேட்டு முதுகுகளில் புல். மரத்தை வெட்டி அழித்ததால்தான் புல் வந்தது என்று வெகுகாலம் நம்பினார்கள். மலைச் சதுப்புகளில் படிந்த பழைய மண்ணை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரிந்தது. அரசுக் கணக்கில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம், மனிதன் ஊர் கட்டுவதற்கு முன்பிருந்தே தன் வேலையைச் செய்துகொண்டிருந்த நிலம்.

மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகு அந்தப் புல்லில் காலை வைத்தால் சதக்கென்று அமுங்கும். கால் எடுத்த குழியில் தண்ணீர் ஊறும். பத்தடி தள்ளிச் சீகைக்குள் நுழைந்தால் காலடியில் சருகு நொறுங்கும். மேலே இருட்டு, கீழே புல் கிடையாது. பைக்காரா, குந்தா, பவானி ஆறுகள் கோடையில் நம்பியிருப்பது அந்தச் சதக்கைத்தான்.

இனி கேள்விக்கு வருவோம். சீகையும் உயிர்தான். அதனடியில் காட்டு மாடு ஒதுங்குகிறது, பறவை அடைகிறது. 'அந்நிய மரம்' என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை வெட்டலாம் என்பது கேட்கவே நன்றாக இல்லை. அப்படிப் பார்த்தால் ஊட்டி உருளைக்கிழங்கும் தேயிலையும் எந்த ஊர்? பிறந்த இடம் குற்றமாகாது. இங்கே குற்றமாக ஏதேனும் உண்டென்றால், அது அந்த மரம் இருக்கும் இடத்தில் புல் இருக்க முடியாமல் போவது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வரையாடு மரக்கூட்டத்துக்குள் வாழாது. அதற்குத் திறந்த புல்லும், ஆபத்து வந்தால் பாய்ந்து ஏறப் பாறையும் வேண்டும். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள். அடுத்த ஆண்டு 1,303. நம் மாநில விலங்கின் தமிழ்நாட்டுக் கணக்கு முழுவதும் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் அடங்கிவிடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் இதே சரிவுகள்தான் வேண்டும்.

ஆகவே வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். பொது நிலத்தைக் கெடுத்தவர் அதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர் என்பதில் பெரிய தர்க்கம் எதுவும் இல்லை. தயக்கம் வேறு இடத்தில் வருகிறது. புல்லை அழித்து மரம் நட்ட அன்றைக்கும் அதிகாரிகள் இதே உறுதியோடுதான் பேசினார்கள். அவர்களும் நல்லது செய்வதாகவே நினைத்தார்கள். ஒரு முறை இவ்வளவு பெரிதாகத் தவறிய கை, இரண்டாம் முறை அடக்கத்தோடு நீள வேண்டாமா?

அடக்கம் என்றால் என்னவென்று அந்த மரமே சொல்லிக் கொடுக்கிறது. சீகையை வெட்டிவிட்டு வந்துவிட்டால், அடுத்த மழைக்கு அந்த இடத்தில் ராகி விதைத்தது போலக் கன்றுகள் முளைக்கும். மண்ணுக்குள் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கிறது. வெயில் பட்டதும் எழுந்துகொள்கிறது. இரண்டு விரலால் பிடுங்கக்கூடிய கன்று, ஓரிரு ஆண்டு விட்டால் கத்தி கேட்கும். இன்னொரு பக்கம், கொடைக்கானல் பக்கத்துப் பழைய தோட்டங்கள் சிலவற்றில் சீகை நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தலை தூக்கியிருக்கின்றன. அங்கே போய் மொட்டையடித்தால் தானாக மீளும் சோலையையும் சேர்த்துக் கொல்வோம். புல்லின் ஓரத்தில் புதிதாகப் பரவும் மரத்தை முதலில் எடுப்பதும், சோலை முளைத்திருக்கும் முதிர்ந்த தோட்டத்தைத் தொடாமல் விடுவதும்தான் விவேகம். ஆனால் இப்படிப் பொறுக்கி வெட்டுவதில் லாரி நிறையாது.

விஷயமே அந்த லாரிதான். வெட்டிய மரத்துக்கு விலை உண்டு. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை அகற்றியபோது மரம் காகித ஆலைக்குப் போனது. அதில் தப்பில்லை, வீணாக எரிப்பதைவிட நல்லது. ஆனால் எத்தனை டன் வெட்டுவது என்று முடிவு செய்கிறவர், டன்னுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவராகவும் இருக்கக் கூடாது. 1988 தேசிய வனக் கொள்கை, காட்டிலிருந்து வருமானம் எடுப்பது இரண்டாம்பட்சம் என்று எழுதி வைத்தது. அதை எழுதுவதற்கு முன் காடு எப்படி நடத்தப்பட்டது என்பதற்கு இந்தச் சீகைத் தோட்டங்களே சாட்சி. மரம் விற்ற காசு அதே சரிவில் கன்று பிடுங்கும் கூலியாகத் திரும்பாவிட்டால், மறுசீரமைப்பு என்பது மர வியாபாரத்தின் இன்னொரு பெயர்.

கூலி யாருக்கு என்பதையும் கேட்க வேண்டும். புல்வெளியைத் தரிசு என்று சொன்னபோது தோடர் பழங்குடியினரின் எருமை அதில் மேய்ந்துகொண்டிருந்தது. மேய்ச்சலுக்காகக் காலம் பார்த்துப் புல்லுக்குத் தீ வைப்பது அவர்கள் வழக்கம்; அது குற்றமாக்கப்பட்டது. அவர்களுடைய கோயிலின் வளைந்த கூரையைப் புல்லால்தான் வேய வேண்டும், அதுவும் எல்லாப் புல்லும் ஆகாது. தோட்டம் வந்த பிறகு அந்தப் புல்லைத் தேடி நடக்கும் தூரம் கூடியது. இன்னொரு பக்கம், இரண்டு தலைமுறையாகச் சீகை விறகில் குளிர் காய்ந்து உலை வைத்த ஏழைக் குடும்பங்கள் மலையில் உண்டு. மலையை மீட்கிறோம் என்று அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போவதும் அநியாயமே. புல்லை அறிந்தவர்களிடம் கேட்டும், விறகை நம்பியவர்களுக்கு வழி செய்தும்தான் கோடரியை எடுக்கலாம். கேட்காமல் செய்தது ஒரு முறை போதும்.

வரையாடு காப்புத் திட்டம் 2022 டிசம்பரில் 25 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. திட்டங்களுக்கு ஐந்து ஆண்டு, அரசாங்கங்களுக்கும் ஐந்து ஆண்டு. மண்ணுக்குள் கிடக்கும் சீகை விதைக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரு சரிவை வெட்டி முடிக்க ஒரு கோடை போதும். அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஆள் போய்க் குனிந்து கன்று பிடுங்க வேண்டும். அந்த ஆளுக்கு இருபதாம் ஆண்டிலும் சம்பளம் ஒதுக்கத் தயாராக இல்லாதவர்கள், முதல் மரத்தில் கை வைக்க வேண்டாம்.