செய்தவன் யார்?

சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் கொல்லாமை என்னும் முதற் சீலத்தைக் குறித்துப் பேசி முடித்து, ஐயமுள்ளோர் கேட்கலாம் என்று நாம் அமர்ந்தபோது, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். "ஐயா, இராத்திரியில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, பெற்றவள் கண்முன்னே பிள்ளைகளை வெட்டிப் போடுகிறானே, அவனையும் தூக்கில் போடக்கூடாது என்றா சொல்கிறீர்கள்? உங்கள் வீட்டில் நடந்திருந்தால் இப்படிப் பேசுவீர்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையசைத்தனர். நாம் அன்று ஏதோ விடை கூறினோம். அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. வீட்டிற்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மோடு நடந்து வந்தது. ஆகவே இங்கே எழுதத் துணிந்தோம்.

அம்மையாரின் சினத்தில் பிழையில்லை என்பதை முதலிற் கூறிவிடுகிறோம். தெருவிலே ஒருவன் தாக்கப்படுவது வேறு. உறங்கும் வீட்டிலே தாக்கப்படுவது வேறு. பகலெல்லாம் உலகத்துக்கு அஞ்சி நடப்பவனும் இரவிலே ஒரு கதவை நம்பிக் கண்ணை மூடுகிறான். நம்மில் பலர் பிறந்த குடிசைகளில் அந்தக் கதவும் ஒரு தகரத் துண்டாகவோ கோணிச் சாக்காகவோ இருந்தது. அதனையும் மீறி ஒருவன் உள்ளே வருவானாயின், பிறகு மனிதன் எங்கே போய்த் தூங்குவான்? இத்தகைய செயலைக் கேட்டு நெஞ்சு பதறாதவனிடம் கருணை இருக்கிறது என்று நாம் நம்பமாட்டோம்.

ஆனால் சினம் கொண்ட பிறகு நாம் கேட்கும் முதற் கேள்வி எது? அதைத்தான் ஆராய வேண்டும். அதற்கு மராட்டியத்தில் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம்.

2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள் இரவு, நாசிக் நகரை அடுத்த ஒரு குடிசைக்குள் கொள்ளைக் கூட்டமொன்று புகுந்தது. உள்ளதைப் பறித்ததோடு அவர்கள் போகவில்லை. குடிசையில் இருந்தவர்களைத் தாக்கினர். பெண்மையைச் சிதைத்தனர். ஐந்து உயிர்கள் மாண்டன. குற்றுயிராய்க் கிடந்து பிழைத்தவர்கள் தாயும் மகனுமாக இருவரே. இதற்குமேல் அவ்விரவைப் பற்றி எழுத நமக்குக் கை வரவில்லை.

போலீசார் அறுவரைக் கைது செய்தனர். ஊர் ஊராய் அலையும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த பரம ஏழைக் கூலிகள் அவர்கள். 2006இல் நாசிக் செஷன்ஸ் நீதிமன்றம் அறுவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்கும் தூக்கை உயர்நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி நிறைவேற்ற இயலாது என்பது நம் நாட்டுச் சட்டம். அதன்படி வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கே 2007இல் மூவருக்குத் தூக்கு உறுதியாயிற்று. மற்ற மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மூவருடைய கழுத்திலிருந்து கயிறு இறங்கியது என்று எண்ணலாம். இறங்கவில்லை. அரசாங்கம் உச்சநீதிமன்றம் சென்று முறையிட்டது. 2009 ஏப்ரல் 30ஆம் நாள் இரு நீதிபதிகள் அமர்வு, அறுவருக்கும் தூக்கே தகும் என்று தீர்ப்பளித்தது. கீழே இறங்கிய கயிறு மீண்டும் மேலே ஏறிற்று.

அன்று அத்தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்த எவரும் கண்ணீர் விட்டிருக்கமாட்டார்கள். நாம் படித்திருந்தாலும் விட்டிருக்கமாட்டோம். ஐந்து பேரை மாய்த்தவர்களுக்காக யார் அழுவார்?

பின்னர் ஆண்டுகள் உருண்டன. தூக்குத் தண்டனை பெற்றோரின் சீராய்வு மனுக்களை நீதிபதிகள் தம் அறையிலேயே தாள்களைப் பார்த்து முடித்துவிடுவது அதுகாறும் இருந்த வழக்கம். 2014இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, அம்மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கேட்கவேண்டும், அதற்கு அரைமணி நேரம் போதும் என்று விதித்தது. அரைமணி நேரம்! அசோக மாமன்னர் தம் தூண் கல்வெட்டொன்றில், கொலைத்தண்டனை பெற்றோருக்கு மூன்று நாள் தவணை அளித்ததைப் பொறித்து வைத்திருக்கிறார். உறவினர் வந்து உயிருக்கு மன்றாடட்டும், அல்லது தண்டனை பெற்றவன் மறுமைக்கு ஆயத்தமாகட்டும் என்பது அதன் நோக்கம். அசோகர் தூக்கை ஒழித்துவிட்டார் என்று நம்மவரிற் சிலர் மேடையில் பேசுகின்றனர். அது சரியன்று. அவர் ஒழிக்கவில்லை, நிறுத்திப் பார்க்க மூன்று நாள் கொடுத்தார், அவ்வளவே. அந்த அரைமணியும் அம்மூன்று நாளைப் போன்றதே என்று கொள்வோம்.

2018இல் உச்சநீதிமன்றம் தன்னுடைய 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு, மேல்முறையீடுகளை முதலிலிருந்து கேட்க இசைந்தது. 2019 மார்ச் 5ஆம் நாள், நீதிபதிகள் சிக்ரி, அப்துல் நசீர், ஷா ஆகிய மூவர் அமர்வு தீர்ப்புக் கூறியது. என்ன தீர்ப்பு? தூக்கை ஆயுளாகக் குறைத்தார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அறுவரும் குற்றவாளிகள் அல்லர் என்று விடுதலை செய்தார்கள்.

அன்பர்களே, இதனை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். பதினாறு ஆண்டுகள் சிறை. மூன்று நீதிமன்றங்கள் இவர்களைக் குற்றவாளிகள் என்றன. நாட்டின் தலைமை நீதிமன்றமே, தூக்கு போதாதிருந்தவர்களுக்கும் தூக்கு என்றது. அதே நீதிமன்றம் பத்தாண்டு கழித்து, சாட்சியத்தை நம்புவதற்கில்லை, விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்றது. அறுவரில் ஒருவர் 2003ஆம் ஆண்டில் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர் என்பதும் தூக்கு விதித்த பின்னரே வெளிவந்தது. ஒரு பையனின் வயதைக்கூடச் சரியாகக் கேளாமல் அவன் கழுத்தை அளந்திருக்கிறார்கள்.

எதனால் இப்படி நேர்ந்தது? வழக்கின் உள்ளே ஒரு செய்தி புதைந்து கிடந்தது. உயிர் பிழைத்த அந்தத் தாய், சம்பவம் நடந்த இரண்டாம் நாளாகிய ஜூன் 7ஆம் தேதியன்று, போலீசார் வைத்திருந்த பழங்குற்றவாளிகளின் படத்தொகுப்பைப் பார்த்து நால்வரை அடையாளம் காட்டினார். அந்த நால்வர் இந்த அறுவரில் எவரும் அல்லர்! அவர்கள்மேல் வழக்குத் தொடுக்கப்படவில்லை. அத்தாயின் முதல் வாக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்படாமல் மறைக்கப்பட்டது. அந்த நால்வர்தாம் குற்றவாளிகள் என்று நாம் கூறவில்லை. கூறினால் நாமும் அதே பிழையைச் செய்தவர்களாவோம். அவர்கள் விசாரிக்கப்படவே இல்லை என்பதுதான் செய்தி.

இங்கே நம் உள்ளத்தைத் தொட்டுப் பார்ப்போம். ஒரு செயல் எவ்வளவு கொடியதோ, அவ்வளவு கவனமாக 'செய்தவன் யார்' என்று தேடவேண்டும். ஆனால் மனித மனம் நேர்மாறாக வேலை செய்கிறது. கொடுமை பெரிதாகப் பெரிதாக, 'யாரையேனும் உடனே தண்டியுங்கள்' என்ற குரல் ஓங்குகிறது. 'யார்' என்ற குரல் அடங்குகிறது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு, அப்போதும் குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்கவேண்டும் என்று 1980இலேயே உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு கூறியிருந்தது. நல்ல விதிதான். ஆனால் 'இது அரிதினும் அரிதான கொடுமையா' என்று கேட்பவனுக்கு, ஆம் என்ற விடை இரத்தம் தோய்ந்த புகைப்படங்களிலிருந்தே கிடைத்துவிடுகிறது. கூண்டில் நிற்பவன்தானா அதைச் செய்தான் என்பதற்கு அப்புகைப்படங்களில் விடை கிடையாது. கொடுமையின் அளவே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது.

பாண்டியன் கதையைப் பாட்டிமார் வாயாலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், ஆராயவில்லை, அவ்வளவே. உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் விட்டான். இக்காலத்தில் ஆராயாதவர்களுக்கு உயிர் போவதில்லை. பதவி உயர்வுகூடத் தடைப்படுவதில்லை.

நிற்பவன் நாடோடியாக இருந்தால் 'யார்' என்ற கேள்வி இன்னும் விரைவில் முடிந்துவிடுகிறது. 1871இல் வெள்ளை அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இயற்றி, பிறப்பினாலேயே சில சமூகங்களைத் திருடர் எனப் பதிவேட்டில் எழுதியது. பின்னர் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1952இல் சட்டம் ஒழிந்தது. பதிவேடு போலீசாரின் அலமாரியிலிருந்து போயிருக்கலாம்; மக்கள் மனத்திலிருந்து போயிற்றா?

பிறரைக் குறை கூறுவதை விட்டு, நம் கதைக்கு வருவோம். நாம் ஆலையில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்த இளமைக் காலத்தில், ஒரு சம்பள நாளன்று மூன்று தொழிலாளரின் சம்பள உறைகள் காணாமற்போயின. அன்று எங்கள் பகுதியில் ஒரு பதிலித் தொழிலாளி வேலைக்கு வந்திருந்தான். புறம்போக்கில் கூடாரம் போட்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். எவரும் ஒன்றும் பார்க்கவில்லை. ஆயினும் "அவன்தான்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சொன்னோம். நாமும் சொன்னோம். பணம் பறிகொடுத்தவர்களில் ஒருவர் மகளின் பிரசவச் செலவுக்கு அதை நம்பியிருந்தவர். அவர் அழுத அழுகை எங்களை வெறிகொள்ளச் செய்தது. அவனை அடித்து, மேஸ்திரியிடம் இழுத்துச் சென்றோம். நான்கு மாதங்கள் கழித்து உண்மைத் திருடன் வேறொரு களவில் அகப்பட்டு, இதனையும் ஒப்புக்கொண்டான். எங்களைவிடப் பத்து ஆண்டு மூத்த நிரந்தரத் தொழிலாளி! தேநீர் நேரத்தில் அதைப் பேசிச் சிரித்தோம். அந்தப் பதிலியின் கூடாரத்துக்குப் போய், 'தம்பி, நீ செய்யவில்லை என்று தெரிந்துவிட்டது' என்று சொல்ல ஒருவரும் போகவில்லை. நாமும் போகவில்லை. பின்னாளில் சீலம் ஏற்றபின் தேடிப் போனோம். அங்கே கூடாரமும் இல்லை, அவனைத் தெரிந்தவரும் இல்லை.

அவன் உயிரோடு போனான். ஆகவே எங்கேனும் இருப்பான் என்று நம்மைத் தேற்றிக்கொள்ள முடிகிறது. தூக்கிலிட்டவனைத் தேடி எங்கே போவது? அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜூன் 3ஆம் நாள், தூக்குத் தண்டனை பெற்றோருக்கு மேல்முறையீட்டு உரிமை வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதைவிட அத்தண்டனையையே ஒழித்துவிடலாம் என்று பாபாசாகேப் அம்பேத்கர் கருத்துரைத்தார். அகிம்சையை அறமென்று சொல்லிக்கொள்ளும் நாட்டுக்கு அதுவே பொருந்தும் என்பது அவர் எண்ணம். அவர் சட்டம் கற்றவர். நீதிமன்றத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர். மனிதர் நடத்தும் விசாரணையில் எத்தனை ஓட்டைகள் உண்டென்பதும் அவருக்குத் தெரியாததன்று.

விடுதலையான அறுவருக்கும் தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் மராட்டிய அரசாங்கம் கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. பதினாறு ஆண்டுகளால் வகுத்தால் மாதத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். பதிலிக்குக்கூட ஆலையில் அதைவிட அதிகம் கொடுப்பார்கள். விசாரணையில் தவறிழைத்த அதிகாரிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கவும் சொல்லிற்று. உண்மைக் குற்றவாளிகள் சட்டத்தின் பிடிக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதையும் அத்தீர்ப்பே ஒப்புக்கொண்டது.

அம்மையாருக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான். தூக்கு வேண்டும் என்று நாம் கூவும்போது, அந்தத் தாயின் பக்கம் நிற்பதாக எண்ணுகிறோம். ஆனால் அவ்வழக்கில் ஆறு ஏழைகளின் கழுத்து கிடைத்ததும் எல்லாரும் நிறைவடைந்து தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஐந்து பேரைப் பறிகொடுத்தவளின் முதல் வார்த்தையையே தூக்கி எறிந்தார்கள். அறுவருக்கு இழைத்த அநீதியும் அவளுக்கு இழைத்த அநீதியும் ஒன்றே. அவளிடமிருந்து நியாயத்தைப் பறித்துத்தான் அவர்களுக்குக் கயிறு திரிக்கப்பட்டது.

சென்ற ஞாயிறன்று அவர் வீட்டுக்கே சென்று இவ்வழக்கை முழுதும் சொன்னோம். குறுக்கே பேசாமல் கேட்டார். தேநீர் கொடுத்தார். "அந்த அம்மா முதலில் காட்டினாளே நாலு பேரை, அவர்களைப் போய் யாராவது விசாரித்தார்களா ஐயா?" என்றார். நாம் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.