கடிவாளம் பிடித்தவனின் பங்கு

பந்தயத்தில் வென்றது யார்? இழுத்த விலங்கா, ஓட்டிய மனிதனா, பரிசைப் பெற்றுச் செல்லும் உடைமையாளரா? வேடிக்கைபோல் தோன்றும் இக்கேள்வி உழைப்பைப் பற்றியது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1940இல் பிறந்த ஹேர்வே பிலியோன், இருசக்கர வண்டி பூட்டிய குதிரைகளை ஓட்டி 15,000இற்கும் மேற்பட்ட பந்தயங்களை வென்றவர். 1989இல் மட்டும் 814 வெற்றிகள். நாளொன்றுக்கு இரண்டிற்கும் மேல்! அத்தொழிலில் பேர்பெற்ற சாரதி ஒரே மாலையில் பலருடைய குதிரைகளை அடுத்தடுத்து ஓட்டுவான். வட அமெரிக்க வழக்கப்படி பரிசுப் பணத்தில் அவனுக்கு நூற்றுக்கு ஐந்து, பெரும்பங்கு உடைமையாளருக்கு. போடியாரையும் முல்லைக்காரனையும் அறிந்த நம் கல்முனைப் பிரதேசத்தாருக்கு இக்கணக்குப் புதியதன்று.

அப்பந்தயத்தில் ஒரு விதியுண்டு. குதிரை நாற்காற் பாய்ச்சலில் இறங்கினால் சாரதி அதனை இழுத்து அடக்கி மீண்டும் நடைக்குக் கொண்டுவர வேண்டும். அடக்குவதே அங்கு கலை. யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிற் சவாரியிலும் தமிழ்நாட்டு ரேக்ளாவிலும் முழுப் பாய்ச்சலே வெற்றி. ஆணிக்கோலும் வால்முறுக்கலும் அவ்வழியாகத்தான் நுழைகின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டுடன் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. பின்னர் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராட்டிரம் ஆகியவை செய்த சட்டத் திருத்தங்களை 2023இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பண்பாடு என்பதே வலுவான வாதமாக நின்றது. மாட்டின் தோலுக்கு அவ்வாதம் விளங்குமோ?

இலங்கையின் 1907ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டம் விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. அன்று அது பெருந்தொகை. நாளடைவில் ஒருவேளைச் சோற்றுக்கும் போதாததாயிற்று. கோல் யார் கையில் இருந்ததோ அவன்தான் முதலில் அகப்படுவான். வேகத்தை வேண்டி நின்றவர் கூட்டத்தோடு கூட்டமாக வீடு திரும்பிவிடுவார்.

ஆகவே சாரதி குற்றமற்றவனா? அல்லன். கூலிக்கு அடித்தாலும் அடி அடிதான். சுரண்டப்படுகிறவன் தன் கீழுள்ள வாயில்லா உயிரைச் சுரண்டலாமென ஒப்புவது முற்போக்காகாது. ஆயின் அவன் ஒருவனை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் அறம் பேசுவது மலிவான காரியம்.

நோர்வேயில் 1980களிலேயே குதிரைப் பந்தயங்களில் சாட்டையடி தடுக்கப்பட்டது. பந்தயம் நின்றுவிடவில்லை. எவர் கையிலும் சாட்டை இல்லையாயின் எவருக்கும் நட்டமில்லை அன்றோ! நம் சவாரித் திடல்களிலும் கோலைக் கீழே வைக்குமாறு கேட்கலாம். ஓட்டுபவன் வேறு, சொந்தக்காரர் வேறாக இருக்குமிடத்தில், அவரையும் திடலுக்கு அழைத்து அவர் முன்னிலையிலேயே கேட்க வேண்டும்.