கோடிக்கா, கட்டுறதுக்கா?

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி சென்ற மாதம் என்னைத் தேடி வந்தாள். பிரேம்சந்தின் 'கஃபன்' கதையை ஆங்கில வழியாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறாளாம். 1935-இல் உருதுவில் வெளிவந்த கதை. ஆங்கிலத்தில் அதற்கு 'ஷ்ரௌட்' என்று பெயர்.

"தமிழில் என்ன தலைப்பு வைக்கலாம் சார்?" என்றாள்.

"கோடி" என்றேன்.

"கோடி ரூபாயா சார்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறந்தவர்மேல் போர்த்தும் புதுத்துணி என்று விளக்கி அனுப்பினேன். அவள் போன பிறகுதான், சொன்னது சரிதானா என்ற சந்தேகம் பிறந்தது.

அகராதியை எடுத்துப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உடை என்றுதான் பொருள். உயிரோடிருப்பவன் உடுத்துகிற உடை. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில்தான் அது பிணத்தைப் பொதிகிற துணியாக மாறியிருக்கிறது. 1666-இல் இங்கிலாந்தில், பிணங்களைக் கம்பளித் துணியில்தான் பொதிய வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். செத்தவனுக்குக் குளிருமே என்ற இரக்கத்தால் அல்ல. கம்பளி வியாபாரம் செழிக்க வேண்டுமே என்ற கவலையால்! பின்னால், எதையும் மூடி மறைப்பதற்கே அந்தச் சொல் ஆகிவந்தது.

நம்முடைய கோடியும் ஒரு காலத்தில் வெறும் புத்தாடைதான். கனவில் கண்ட கல்யாணத்தில் தான் உடுத்திய கூறையைக் கோடி என்றுதான் பாடினாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். மலையாளிகள் இன்றும் ஆசையோடு ஓணக்கோடி வாங்குகிறார்கள். நம் பக்கத்தில் "தீபாவளிக்குக் கோடி எடுத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள், பாட்டி வந்து வாயைப் பொத்துவாள்.

சொல் இப்படிச் சாவுப்பக்கம் சாய்ந்துபோனது எதனால்? எனக்குத் தெரிந்த காரணம் சிவகாசியில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறது.

நாரணாபுரத்தில் என் அத்தை இறந்துபோனாள். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். என் தகப்பனார் இல்லாததால் பிறந்த வீட்டுக் கோடியை நான்தான் கொண்டுபோக வேண்டும். சிவகாசியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்து சேலை கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"கோடிக்கா, கட்டுறதுக்கா?"

கோடிக்கென்றே தனியாக ஓர் அடுக்கு இருந்தது. கஞ்சி போட்டு விறைத்த, கண்ணாடி மாதிரி மெல்லிய சேலைகள். ஒருமுறை நனைத்தால் இழையாகப் போய்விடும். நனைக்கப் போகிறவர் யார்? கடைக்காரர்மேல் குற்றமில்லை, கேட்டதைத்தான் அவர் விற்கிறார். ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அத்தைக்கு நான் துணி எடுத்துக் கொடுத்துப் பத்து வருஷமாயிற்று. "கட்டுறதுக்கு" என்று சொல்லி, நல்ல சுங்குடியாக ஒன்று வாங்கினேன்.

அத்தையின்மேல் ஏற்கெனவே ஏழெட்டுக் கோடிகள் கிடந்தன. முகம் மட்டும் திறந்திருந்தது. மறைப்பது நம் கோடியின் வேலையல்ல; முகத்தை விட்டுவிட்டுத்தான் போர்த்துவோம். பட்டாசு விபத்தில் போனவர்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினையும் இல்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலையில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். கருகிய உடலை முழுக்கப் பொதிந்துதானே கொடுக்க முடியும்? அங்கே கோடி, ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிடுகிறது.

நான் விரித்த சேலையின் முந்தியை மதினி விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல சேலை தம்பி. போன தீபாவளிக்குக் கொண்டாந்திருந்தா அம்மா கட்டிப் பாத்திருக்கும்."

குத்திக் காட்டிச் சொன்னதல்ல. அப்படிச் சொல்லத் தெரியாதவள் அவள்.

பிரேம்சந்தின் கதையில், பிரசவ வேதனையில் துடித்துச் சாகிறாள் ஒரு பெண். கஃபன் வாங்க ஊரார் கொடுத்த 5 ரூபாயில் மாமனாரும் புருஷனும் குடித்துவிட்டு வயிறாரச் சாப்பிடுகிறார்கள். இளவயதில் படித்தபோது அவர்களை மனசாரச் சபித்தேன். இப்போதும் அவர்களை நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவள் கதறியபோது உள்ளே போய்ப் பார்க்காதவர்கள்தானே! ஆனால் அவள் செத்த பிறகு ஒரு மணி நேரத்தில் 5 ரூபாய் சேர்த்துக் கொடுத்த ஊர், அதற்கு முந்தைய இரவில் எங்கே இருந்தது? அந்த ஊராரில் ஒருவனாகச் சிவகாசிக் கடையில் நின்ற பிறகு, சபிப்பதற்கு எனக்கு நா எழவில்லை.

சுடுகாட்டில் சிதை அடுக்குபவர், துணிகளை ஒவ்வொன்றாக உருவி ஓரமாக வைத்தார். அது அவருடைய பாத்தியம். சுங்குடியை எடுத்தபோது மட்டும் சற்றுத் தயங்கி, "இதையும் எடுத்துக்கிறலாமாய்யா?" என்று என்னைக் கேட்டார்.

"வீட்டில் கட்டிக்கொள்ள ஆள் இருக்கிறார்களா?" என்றேன்.

"மக இருக்கா" என்றார்.

எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.