எண்ணி உண்பார் சோர்வு

உடல் நிறையைக் குறைக்க விரும்புவோர், தாம் உண்ணும் ஒவ்வொன்றையும் நிறுத்துக் கணக்கெழுதும் வழக்கம் இந்நாளில் பெருகி வருகின்றது. முன்பு ஏட்டில் எழுதினர். இன்று கைப்பேசியில் பதிகின்றனர். சில திங்கள் ஊக்கத்தோடு எழுதியோர் பலர் உள்ளம் சோர்ந்து அதனைக் கைவிடுகின்றனர். கைவிட்டதோடு நில்லாது, மனவுறுதியற்றோம் என்று தம்மையே இகழ்ந்து கொள்கின்றனர். இவ்விகழ்ச்சி முறைதானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

உணவை அளத்தல் பழைய செயலே. இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கிய நாற்காலியில் அமர்ந்து, தம் உடலையும் உணவையும் கழிவையும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614-இல் நூல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க இரசாயன அறிஞர் ஆட்வாட்டர், மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும் கொழுப்பு 9 கலோரியும் தருமெனக் கணித்தார். அறிவதற்காகப் பிறந்த இவ்வெண்ணை மெலிவதற்குரிய கருவியாக்கி மக்கள் கையில் தந்தது, 1918-இல் லூலு ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் எழுதிய நூல்.

கருவி நாளடைவில் நீதிபதியாகி விடுகின்றது. எண் குறைந்த நாளில் நல்லவன், கூடிய நாளில் குற்றவாளி! நாள்தோறும் ஐந்தாறு முறை தன்னையே விசாரித்துத் தீர்ப்புக் கூறினால் எவ்வுள்ளந்தான் களைக்காது? அவ்வெண்ணும் துல்லியமானதோ? சிங்கப்பூர் உணவங்காடியில் வாங்கும் நாசி லெமாக்கில் எத்துணைத் தேங்காய்ப்பால் சேர்ந்தது என்பதை உண்பவர் அறியார். பொட்டல உணவில் அச்சிட்ட அளவினும் ஐந்திலொரு பங்கு கலோரி மிகுதலை அமெரிக்க நாட்டு விதி பொறுத்துக் கொள்கின்றது. ஐயத்திற்குரிய எண்ணைக் கொண்டு ஐயமின்றித் தம்மைத் தண்டித்தல் பகுத்தறிவாகுமா?

பசியும் உள்ளத்தைத் தாக்கும். 1944, 1945 ஆம் ஆண்டுகளில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில், தாமாக முன்வந்த 36 இளைஞர்க்கு 24 வாரம் அரைவயிற்று உணவளித்து ஆராய்ந்தனர். உடல்நலமும் உறுதியும் உடைய அவர்களே வாடினர், சினந்தனர், இரவும் பகலும் உணவையே நினைந்தனர். சிலர் சமையல் நூல்களைச் சேர்க்கலாயினர். பசித்தவன் உணவை நினைத்தல் இயற்கை. அதனை ஒழுக்கக் குறைவென்றல் அறியாமை.

அங்ஙனமாயின் கணக்கே வேண்டாவோ எனின், வேண்டும். இன்சுலின் ஏற்றும் நீரிழிவாளர் பலர்க்கு மாவுப்பொருளை எண்ணுதல் உயிர்காப்பாகும். ஏனையோர்க்கு அது எழுத்துக் கூட்டிப் படிப்பது போன்றது. கற்குங்கால் கூட்டுவோம், கற்றபின் கூட்டாமலே படிப்போம். சில வாரம் எண்ணி, எது மிகை எது போதும் எனக் கண் பழகியபின், காலையுணவை ஒரே வகையாக அமைத்துக் கொண்டு, வாரம் ஒருமுறை நிறை பார்த்தல் பலர்க்குப் போதும். உணவைக் கண்டாலே அச்சமோ குற்றவுணர்ச்சியோ எழுமாயின், அது நோயின் அறிகுறியாகலாம், மருத்துவரை நாடுக.

வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் அளவையே வற்புறுத்தினார். முன்னுண்டது செரித்தமையும் பசி மிகுந்தமையும் அவர் கொண்ட அளவுகோல். அது நம் உடலிலேயே உளது. நெடுநாள் எண்ணிப் பழகியோர் அதன் குரலை மீண்டும் கேட்கப் பழகுதல் வேண்டும்.

ஆகலின் நேயர்களே, நும் இல்லத்தில் ஒருவர் உணவுக் கணக்கை மூடி வைத்தால், தோற்றார் என நகையாதீர். அருகழைத்து, உடனமர்ந்து உண்ணுங்கள்.