நோய் தீர்ப்பவன் யார்?

காய்ச்சல் வந்து போன வீட்டில், தீர்த்தவர் வைத்தியரே என்று கைகூப்புவதில் பெரிய பிழையில்லை. ஆனால் ஆயுள் உள்ளவரை சரீரத்தோடு கூடவே வரும் நீரிழிவில், தீர்ப்பவன் யார், தாங்குபவன் யார், அந்தக் காரியத்துக்குக் கர்த்தா ஒருவன்தானா என்ற கேள்விகள் வைத்திய சாஸ்திரத்தைக் கடந்து தத்துவ விசாரமாகவே ஆகிவிடுகின்றன.

சிகிச்சைக்கு நான்கு பாதங்கள் உண்டென்ற ஆயுர்வேத ஆசிரியர் சரகர், வைத்தியன், மருந்து, பணிவிடை செய்பவன், நோயாளி என்று வரிசைப்படுத்தி, வைத்தியனுக்கே பிரதான ஸ்தானம் அளித்தார். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் அதே நான்கையும் எண்ணும் வள்ளுவரோ, நோயுற்றவனை முதலில் நிறுத்தி, வைத்தியனை அவனுக்கு அடுத்தபடி வைக்கிறார். யாப்புக்காக நேர்ந்த வரிசை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்று வேளையும் இலையின் முன் உட்காருகிறவனும், மாத்திரையை விழுங்குகிறவனும், விடியலில் எழுந்து நடக்கவேண்டியவனும் அவனே அல்லவா?

"எல்லாம் பூர்வ கர்மம்" என்று பெருமூச்சு விடும் நோயாளிக்குக் குறளின் உரையாசிரியர் பரிமேலழகர் அந்த அதிகாரத்தின் முகப்பிலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்: பழவினையால் வரும் பிணி அவ்வினை கழிந்தாலன்றித் தீராதாகையால் அதை விலக்கி, பிற காரணங்களால் வருவதைத் தீர்க்கும் வகையையே வள்ளுவர் கூறுகிறார் என்பது அவர் கருத்து. எது வினைப்பயன், எது நம் உணவின் பயன் என்று பிரித்தறியும் ஞானம் நமக்கில்லாதபோது, முயன்று பார்ப்பதே தர்மம். "சொன்னபடி கேட்பதில்லை" என்று கடிந்துகொள்ளும் வைத்தியரும் அதே மயக்கத்தில்தான் இருக்கிறார். ஒருவர் கர்த்திருத்துவத்தை முற்றும் துறக்கிறார், மற்றவர் முற்றும் தமதாக்கிக்கொள்கிறார்.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனைத் தாளை டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, வராந்தாவில் நர்ஸம்மா ஒரு மூதாட்டியைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா பாட்டி?" என்று கேட்டார். பெருவிரலில் இழை வளைந்தது; பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸம்மா அவருடைய செருப்பை எடுத்து, முள் ஏதும் குத்தி நிற்கிறதா என்று உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். டாக்டரின் தாளில் அந்தப் பெருவிரல் இல்லை.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலரான பெண்கள் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு வருகிறார்கள். வள்ளுவர் நான்காவதாக எண்ணிய பணிவிடையாளரை நான் அவர்களிடத்தில் காண்கிறேன். அவர்கள் வராத நாட்களில் அந்த ஸ்தானம் வீட்டாருடையது. உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், இன்றிரவு விளக்கருகே அவர் பாதங்களை எடுத்து மடியில் வைத்து, விரலிடுக்குகளைப் பாருங்கள்.